சதுரங்கப் பலகையின் கோதுமை: ஒரு 20 இலக்க எண்ணும் காழி இப்னு கல்லிகானின் சந்தேகமும்

1,84,46,74,40,73,70,95,51,615.

இருபது இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணை நம் வழக்கப்படி வாசித்தால், 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி. அதன்மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி. அதற்கும் மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் சேரும் மணிகளின் எண்ணிக்கை இதுதான்.

இந்தக் கணக்கை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வேடிக்கைக் கதையாகப் படித்திருப்பார்கள். ஆனால் இதைக் கணக்கிட்டு, சரிபார்த்து, எழுதிவைத்து உலகுக்குக் கொடுத்தவர்களில் முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன உண்மை, இன்று நம் குடும்பங்களின் பணத்தைக் காப்பாற்றக் கூடியது என்பதும் தெரியாது. இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

காழி சொன்ன கதை

டமாஸ்கஸின் தலைமை காழியாக இருந்தவர் இப்னு கல்லிகான் (ரஹ்). 1211-இல் இர்பில் நகரில் பிறந்து 1282-இல் டமாஸ்கஸில் மறைந்தார். 'வஃபயாத்துல் அஃயான்' என்ற அவருடைய வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு இன்றும் வரலாற்றாய்வாளர்கள் தேடிப் படிக்கும் நூல். 1256-இல் கெய்ரோவில் தொடங்கி 1274-இல் அதை முடித்தார்.

அந்த நூலில் அபூபக்ர் அஸ்ஸூலி என்பவரைப் பற்றி எழுதுகிறார். அஸ்ஸூலி 10-ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசவையில் இருந்தவர். ஷத்ரஞ்ச் எனும் சதுரங்க ஆட்டத்தில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றவர். அதனால் அந்த ஆட்டத்தையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று மக்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். இப்னு கல்லிகான் அதைத் திருத்துகிறார். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்ற இந்தியர். ஷிஹ்ராம் என்ற அரசருக்காக அதைச் செய்து கொடுத்தார் என்று சொல்லிவிட்டு, கோதுமைக் கதைக்கு வருகிறார்.

மகிழ்ந்துபோன அரசர், என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஸிஸ்ஸா கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து கோதுமை கேட்கிறார். இவ்வளவு அற்பமாகக் கேட்கிறாரே என்று அரசருக்கு வருத்தம். ஆனால் அரண்மனைக் கணக்கர்கள் கணக்குப் போட்டுவிட்டு, நாட்டில் இருக்கும் தானியம் அத்தனையும் போதாது என்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கிய அறிவைவிட, இப்படி ஒரு பரிசைக் கேட்ட அறிவுதான் வியப்பானது என்று அரசர் சொன்னதாகக் கதை முடிகிறது.

ஸிஸ்ஸாவும் ஷிஹ்ராமும் உண்மையில் வாழ்ந்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபுகளுக்கும் போனது வரலாறு. 'சதுரங்கம்' என்ற சொல்லே பாரசீகத்தின் வழியாகப் போய் 'ஷத்ரஞ்ச்' ஆனது. (இந்த ஆட்டத்தை ஆடுவது பற்றிய மார்க்கச் சட்டம் தனி விஷயம். அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாம் இங்கே பேசுவது பலகையின் கணக்கை மட்டும்.)

காழிக்கு வந்த சந்தேகம்

இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கதைதான். இப்னு கல்லிகான் அதற்குப் பிறகு எழுதியதுதான் முக்கியம். இந்தக் கணக்கைக் கேள்விப்பட்டபோது தமக்கு நம்பிக்கை வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒற்றை மணியில் தொடங்கும் விஷயம் இவ்வளவு பெரிதாகுமா என்பது அவருடைய சந்தேகம். பின்னர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு கணக்கரைச் சந்திக்கிறார். அந்தக் கணக்கர் ஒரு தாளில் போட்டுக் காட்டுகிறார்.

16-ஆவது கட்டத்தில் 32,768 மணிகள். இதை ஒரு 'கதஹ்' என்ற முகத்தல் அளவாக வைத்துக்கொள்வோம் என்கிறார் கணக்கர். தாமே அளந்து பார்த்ததாகவும், சரியாக இருந்ததாகவும் சொல்கிறார். இந்த இடத்தில் இப்னு கல்லிகான் ஒரு குறிப்புச் சேர்க்கிறார்: இந்தச் செய்திக்கான பொறுப்பு அந்தக் கணக்கருடையது. தாம் கண்ணால் பார்க்காததை, பார்த்தவர் பெயரில் வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களைக் கவனிக்கும் அதே ஒழுக்கம் இது.

பிறகு கணக்கு வேகம் எடுக்கிறது. எகிப்தில் 16 கதஹ் சேர்ந்தது ஒரு 'வைபா'. 6 வைபா சேர்ந்தது ஒரு 'இர்தப்'. 20-ஆவது கட்டத்தில் ஒரு வைபா ஆகிறது. 40-ஆவது கட்டத்தில் 1,74,762 இர்தபும் மூன்றில் இரண்டு பங்கும் வருகிறது. இதைவிடப் பெரிய தானியக் களஞ்சியம் இருக்க முடியாது. ஆகவே இதை ஒரு களஞ்சியம் என்று கொள்வோம் என்கிறார் கணக்கர். 50-ஆவது கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். இத்தனையும் உள்ள இடத்தை ஒரு நகரம் என்று கொள்வோம். 64-ஆவது கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகத்தில் இதற்கு மேல் நகரங்கள் இல்லை என்று கணக்கர் முடிக்கிறார்.

இந்த எண்களை இன்று ஒரு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாலும் ஒன்றுகூடத் தவறவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 16,384 நகரங்கள் என்பது கடைசிக் கட்டத்தின் கோதுமை மட்டும். 64 கட்டங்களையும் கூட்டினால் 32,768 நகரங்களுக்கு ஒரே ஒரு மணி குறையும். முதல் கதஹில் எத்தனை மணிகள் இருந்தனவோ, அத்தனை நகரங்கள்!

அல்பிரூனியின் இரண்டு விதிகள்

இப்னு கல்லிகானுக்கு முன்பே இந்த எண் அறிஞர்களிடையே பழக்கமானதுதான். அல்உக்லீதிஸி என்பவர் ஹிஜ்ரி 341-இல் (கி.பி. 952-953) டமாஸ்கஸில் எழுதிய 'கிதாபுல் ஃபுஸூல் ஃபில் ஹிஸாபில் ஹிந்தி' என்ற நூலில், ஒன்றை 64 தடவை இரட்டிக்கும் கணக்கு இடம்பெறுகிறது. பூஜ்ஜியத்தோடு கூடிய இந்திய எண் முறையில் கணக்குப் போடக் கற்றுத்தரும் நூல் அது.

அவருக்குப் பின் வந்தவர் மாமேதை அல்பிரூனி (ரஹ்). 973-இல் குவாரிஸ்மில் பிறந்தவர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் எழுதிய 'அல்ஆஸாருல் பாக்கியா' என்ற நூலில் இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சரியாகத் தருகிறார். 63 தடவை இரட்டித்து, 64 எண்களைக் கூட்ட வேண்டிய வேலையை இரண்டே விதிகளால் எளிதாக்குகிறார்.

முதல் விதி: ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள கட்டத்தின் எண் கிடைக்கும். 5-ஆவது கட்டத்தில் 16. அது முதல் கட்டத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி இருக்கிறது. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. எட்டுக் கட்டம் தள்ளி உள்ள 9-ஆவது கட்டத்தில் இருப்பது அதே 256. அதை அதனாலேயே பெருக்கினால் 17-ஆவது கட்டத்தின் 65,536. மறுபடியும் பெருக்கினால் 33-ஆவது கட்டத்தின் 429,49,67,296.

இரண்டாவது விதி: எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டல் 7. அடுத்த கட்டம் 8. 1, 2, 4, 8 ஆகியவற்றின் கூட்டல் 15. அடுத்த கட்டம் 16. ஏன் இப்படி? கையில் கூடுதலாக ஒரே ஒரு மணியை வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். அந்த ஒன்றும் முதல் கட்டத்தின் ஒன்றும் 2. அதோடு இரண்டாவது கட்டத்தின் 2 சேர்ந்தால் 4. அதோடு மூன்றாவதின் 4 சேர்ந்தால் 8. கடைசி வரை இப்படியே போகும்.

இனி வேலை சுலபம். 33-ஆவது கட்டத்தின் எண்ணை அதனாலேயே பெருக்கினால், பலகையில் இல்லாத 65-ஆவது கட்டத்தின் எண் வருகிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 கட்டங்களின் மொத்தம். இன்றைய கணித மொழியில், 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு.

இந்த அளவை வாசகர் மனத்தில் பதிக்க அல்பிரூனியும் ஒரு வழி செய்கிறார். அத்தனை திர்ஹம்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் திர்ஹம் ஒரு பை. எட்டுப் பை ஒரு கோவேறு கழுதையின் சுமை. பத்தாயிரம் கழுதைகள் ஒரு மந்தை. ஆயிரம் மந்தைகள் ஓர் ஆற்றங்கரையில் மேய்கின்றன. பத்தாயிரம் ஆறுகள் ஒரு மலையில் பிறக்கின்றன. அப்படிப் பார்த்தால் 2,305 மலைகள் வேண்டும். பூமி தாங்காத கணக்கு இது என்கிறார்.

இந்திய எண் முறையைக் கற்ற முஸ்லிம் அறிஞர்களிடமிருந்து இந்தக் கணக்கு ஐரோப்பாவுக்கும் போனது. அல்ஜீரியக் கடற்கரை நகரான பிஜாயாவில் இளமையில் கணக்குக் கற்ற இத்தாலியர் ஃபிபொனாச்சி, 1202-இல் எழுதிய தம் நூலில் சதுரங்கப் பலகைக் கணக்கையும் சேர்த்தார்.

இன்றைய அளவில் எவ்வளவு?

ஒரு கோதுமை மணியின் எடை சராசரியாக 40 மில்லிகிராம் என்று கொண்டால், கிலோவுக்கு 25,000 மணிகள். அதன்படி பலகையின் நிலவரம் இது:

முதல் வரிசை முடியும்போது (8 கட்டங்கள்): 255 மணிகள். சுமார் 10 கிராம்.
இரண்டாம் வரிசை முடியும்போது (16 கட்டங்கள்): 65,535 மணிகள். சுமார் இரண்டரைக் கிலோ.
மூன்றாம் வரிசை முடியும்போது (24 கட்டங்கள்): 1,67,77,215 மணிகள். சுமார் 670 கிலோ.
நான்காம் வரிசை முடியும்போது (32 கட்டங்கள்): 429,49,67,295 மணிகள். சுமார் 172 டன்.
எட்டாம் வரிசை முடியும்போது (64 கட்டங்கள்): சுமார் 73,800 கோடி டன்.

பாதிப் பலகை வரை ஒரு பணக்கார வியாபாரியே கொடுத்துவிடலாம். 172 டன் என்பது சில லாரிச் சுமைகள்தான். மீதிப் பாதியில்தான் உலகமே போதாமல் போகிறது. இன்று உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன் கோதுமை விளைவிக்கின்றன. அந்தக் கணக்கில் 900 ஆண்டுகளுக்கு மேல் விளையும் கோதுமை முழுவதையும் ஸிஸ்ஸாவுக்கே கொடுக்க வேண்டும்.

விநாடிக்கு ஒரு மணி வீதம் இரவு பகலாக எண்ணினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். அதைப் போல் 42 மடங்கு!

எண்ணின் உள்ளே

இவ்வளவு பெரிய எண்ணின் காரணிகளைக் கண்டுபிடிப்பது கடினம் என்று தோன்றும். ஆனால் இந்த எண் தானாகவே பிரிந்து கொடுக்கிறது. ஒரு சிறிய உதாரணம் பாருங்கள். 10-ஐ 10-ஆல் பெருக்கி ஒன்று குறைத்தால் 99. அது 9-ஐயும் 11-ஐயும் பெருக்கிய தொகை. அதாவது பத்துக்கு ஒன்று குறைவும் பத்துக்கு ஒன்று அதிகமும். எந்த எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தாலும் இப்படியே பிரியும்.

நம் எண் 429,49,67,296-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. ஆகவே அது 429,49,67,295-உம் 429,49,67,297-உம் பெருக்கிய தொகை. முதல் எண் மீண்டும் 65,535 என்றும் 65,537 என்றும் பிரியும். 65,535 என்பது 255 பெருக்கல் 257. 255 என்பது 15 பெருக்கல் 17. 15 என்பது 3 பெருக்கல் 5.

இதில் 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. 429,49,67,297-உம் பகா எண்தான் என்று 17-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதையான பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற மற்றொரு மேதை அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கு மாறுவதில்லை.

ஆக, சதுரங்க எண்ணின் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. எனவே இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. நம் எண்ணும் அப்படித்தான்.

பலகையின் வழியில் வேறொரு புதையலும் இருக்கிறது. ஓர் எண்ணை வகுக்கும் சிறிய எண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் வருமானால், அதை நிறைவெண் என்பார்கள். 6-ஐ வகுப்பவை 1, 2, 3, கூட்டினால் 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. பலகையில் ஒரு கட்டம் வரை சேர்ந்த மொத்தம் பகா எண்ணாக இருந்தால், அந்த மொத்தத்தை அந்தக் கட்டத்தின் எண்ணால் பெருக்குங்கள். ஒரு நிறைவெண் கிடைக்கும். மூன்று கட்டங்களின் மொத்தம் 7, மூன்றாவது கட்டத்தில் 4, பெருக்கினால் 28. ஐந்து கட்டங்களின் மொத்தம் 31, ஐந்தாவதில் 16, பெருக்கினால் 496. 64 கட்டங்களில் இப்படி அமைவது 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 என்ற ஒன்பது கட்டங்களில் மட்டுமே. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு ஃபல்லூஸ் என்ற முஸ்லிம் கணித அறிஞர் கொடுத்த நிறைவெண் பட்டியலில் முதல் ஏழும் சரியானவை. அவற்றில் ஏழாவது 13,743,86,91,328. கணினி இல்லாத காலத்தில் செய்த வேலை இது!

கணினியில் இதே எண்

கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதுகிறது. அந்த இரும முறையில் நம் சதுரங்க எண்ணை எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். கட்டத்துக்கு ஓர் ஒன்று! இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் 64 பிட் வகை. அவை ஒரே மூச்சில் கையாளும் குறியற்ற முழு எண்களில் மிகப் பெரியது இதுதான். இதோடு ஒன்றைக் கூட்டினால் கிலோமீட்டர் மானி சுற்றி வருவதுபோல் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. பழைய 32 பிட் கருவிகள் பல, 1970-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளை வைத்தே நேரத்தைக் கணிக்கின்றன. அதில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடுவதால், அவற்றின் இடம் 31 கட்டங்களோடு நிரம்பிவிடும். அந்த நாள் 2038 ஜனவரி 19. அதற்குள் அவற்றை மாற்றியாக வேண்டும்.

நம் வீட்டுக்குள் வரும் இரட்டிப்பு

இப்போது அல்பிரூனியின் இரண்டாவது விதிக்குத் திரும்புவோம். ஒவ்வொரு கட்டமும், அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களின் கூட்டலையும் விட ஒன்று அதிகம். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் பல ஏமாற்றுகள் புரிந்துவிடும்.

பணம் போட்டுச் சேருங்கள்; இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்; அவர்கள் இரண்டிரண்டு பேரைச் சேர்ப்பார்கள்; உங்களுக்குக் கமிஷன் வந்துகொண்டே இருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் அந்நியராக இருப்பதில்லை. நம் சொந்தக்காரர், பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுபவர், கூடப் படித்தவர். சில சமயம் 'ஹலால்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அவரும் நம்பித்தான் சொல்கிறார். அவருக்குத் தெரியாதது பலகையின் கணக்கு.

50 ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் இப்படி ஒரு திட்டம் தொடங்குகிறது என்று வையுங்கள். குழந்தை முதல் முதியவர் வரை அத்தனை பேரும் சேர்ந்தாலும் 16-ஆவது அடுக்கு நிரம்பாது. 15 அடுக்கோடு நின்றால், மேலே இருப்பவர்கள் 16,383 பேர். கடைசி அடுக்கில் மட்டும் 16,384 பேர். கடைசி அடுக்கில் உள்ளவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவர்கள் போட்டது போனதுதான். தமக்குக் கீழே மூன்று அடுக்கு நிரம்பினால்தான் போட்ட முதல் திரும்பும் என்பது விதியானால், கடைசி மூன்று அடுக்கும் நஷ்டம். அதாவது நூற்றுக்கு 87 பேருக்கு மேல். திட்டம் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த அடுக்கில் நின்றாலும் இந்த விகிதம் மாறாது. நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்பதும் இதை மாற்றாது. ஆளுக்கு ஆறு பேர் என்றால் நிலைமை இன்னும் மோசம்: பத்தாவது சுற்றில் 6 கோடிப் பேர் வேண்டும், பதின்மூன்றாவது சுற்றில் 1,306 கோடி. உலகத்தில் அத்தனை மனிதர்களே இல்லை.

ஒருவர் பொருளை மற்றவர் முறையற்ற வழியில் உண்ணக் கூடாது என்று சூரா அந்நிஸாவின் 29-ஆவது வசனம் தடுக்கிறது. மேல் அடுக்கில் இருப்பவருக்கு வரும் பணம் கீழ் அடுக்கில் ஏமாந்தவரின் பணம் என்பதைப் பார்க்கும்போது, அந்தத் தடையின் நியாயம் எண்களிலேயே தெரிகிறது.

வட்டியும் இதே பலகையில் நகர்வதுதான். மாதம் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் கடன் வாங்கி, கட்ட முடியாமல் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், ஓராண்டில் 31,384 ரூபாய், இரண்டாண்டில் 98,497, மூன்றாண்டில் 3,09,127. ஏழெட்டு மாதத்துக்கு ஒரு தடவை கடன் இரட்டிக்கிறது. வாங்கிய முதல் மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி அற்பமாகத்தான் தெரியும், ஸிஸ்ஸா கேட்ட கோதுமை அரசருக்குத் தெரிந்ததுபோல்.

அறியாமைக் கால அரபுகளிடையே, தவணை முடிந்தும் கட்ட முடியாதவருக்கு அவகாசம் கொடுத்துத் தொகையைக் கூட்டும் வழக்கம் இருந்ததைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. பன்மடங்காகப் பெருகும் வட்டியை உண்ண வேண்டாம் என்று சூரா ஆல இம்ரானின் 130-ஆவது வசனம் விலக்குவதை இந்தப் பின்னணியில் விளக்குகிறார்கள். சிறிய வட்டி கூடும் என்பது இதன் பொருளல்ல. சூரா அல்பகராவின் 275 முதல் 279 வரையிலான வசனங்கள் வட்டியை முழுவதுமாகத் தடுத்துவிட்டன. அடுத்த 280-ஆவது வசனமோ, கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரட்டிப்பின் சுழலில் சிக்கியவரை வெளியே எடுக்கும் வழி அதுதான்.

கைபேசியில் வரும் தகவல்களுக்கும் இது பொருந்தும். பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்ற செய்திகள் முன்பு நோட்டீஸாக வந்தன. இப்போது வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஆளுக்குப் பத்துப் பேர் என்றால் பத்தாவது சுற்றில் 1,000 கோடிப் பேர் வேண்டும். பொய்யான ஒரு செய்தி ஒரே நாளில் ஊரெங்கும் பரவுவது இந்தப் பெருக்கத்தால்தான். முதல் சில கட்டங்களில் ஒருவர் நிறுத்தினால், பின்னால் வரும் ஆயிரக்கணக்கான கட்டங்கள் நிரம்பாமல் போகும்.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

வீட்டில் அரிசியும் ஒரு தாளும் போதும். தாளில் 16 கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டத்தில் ஓர் அரிசி. பிறகு இரட்டித்துக்கொண்டே வாருங்கள். எட்டாவது கட்டம் வரை பிள்ளைகள் பொறுமையாக எண்ணுவார்கள். பத்தாவதில் 512. அதற்கு மேல் எண்ணச் சலித்துவிடும். அப்போது அலெக்சாந்திரியாக் கணக்கரின் வழிக்கு வாருங்கள். 512 அரிசியை ஒரு சின்னக் கரண்டியால் அளந்துகொண்டு, இனி மணிகளை எண்ணாமல் கரண்டிகளை எண்ணச் சொல்லுங்கள். 16-ஆவது கட்டத்துக்கு 64 கரண்டி வேண்டும். அடுத்து 17-ஆவது கட்டத்தை நிரப்ப அரிசி எங்கே போய் வாங்குவது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் முடிந்தது.

தலைமை காழி என்ற உயர்ந்த பொறுப்புக்கு வந்த ஒருவர், தமக்குப் புரியாத ஒரு கணக்கைக் கேட்டபோது உடனே தலையாட்டவில்லை. பொய் என்று தள்ளிவிடவும் இல்லை. தெரிந்தவரிடம் கேட்டார், தாளில் போட்டுக் காட்டியதைப் பார்த்தார், தம் சந்தேகத்தையும் அது தீர்ந்த விதத்தையும் வெட்கமின்றி எழுதிவைத்தார். ஒரு திட்டத்தில் பணம் போடவோ, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ நம் வீட்டில் யாராவது தயாராகும்போது, முதலில் ஒரு தாளை எடுத்துக் கட்டங்களைப் போட்டுப் பார்ப்போம்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.